டம்ளருக்கு வெளியே இருக்கும் ஐஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் ஏறுவதில்லை, ஆகவே துருவப் பனி உருகிக் கடல் ஏறும் என்பது புருடா என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் ஊர் பாகான் டத்தோவின் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) அன்று அதே பேச்சுதான். கடைக்காரத் தம்பி ஒரு கிளாஸில் ஐஸ் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தேவிட்டார். ஐஸ் முழுதும் கரைந்தும் ஒரு சொட்டு வழியவில்லை. (கிளாஸ் வியர்த்து மேசை நனைந்ததை ஒருவர் வழிந்த கணக்கில் சேர்த்தார். துடைத்துவிட்டோம்.)

சரி, வாசகர் சொன்னது மிதக்கும் ஐஸுக்குப் பொருந்தும். வடதுருவக் கடலில் மிதப்பது அந்த வகை. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடப்பது வேறு. நிரம்பிய கிளாஸின் மேல் தேநீர் வடிகட்டியை வைத்து அதில் நான்கு ஐஸ் கட்டி போட்டேன். கொஞ்ச நேரத்தில் வழிந்தது. கிரீன்லாந்துப் பனி மொத்தமும் கரைந்தால் கடல் 7 மீட்டர் ஏறும், அண்டார்டிகா என்றால் 58 மீட்டர். அது நம் பேரன் காலத்தில் நடக்கப் போவதில்லை.

2014-இல் அண்டார்டிகாவில் பனி கூடியதே என்றும் கேட்டிருந்தார். கூடியது கடல்மேல் உறையும் பனி. அதுவும் 2023-இல், துணைக்கோளால் அளக்கத் தொடங்கியபின் என்றுமில்லாத அளவுக்குக் குறைந்தது. தரைப்பனியை நிறுக்க 2002-இல் கிரேஸ் என்ற இரட்டைத் துணைக்கோள்களை அனுப்பினார்கள். அவை 2017-இல் ஓய்ந்தன, 2018 முதல் அதே வகைப் புது ஜோடி பறக்கிறது. ஒன்றின் பின் ஒன்றாகப் பறக்கும் இரண்டின் இடைவெளி மாறுவதை வைத்துக் கீழே உள்ள ஈர்ப்பைக் கணக்கிடுகிறார்கள். செம்பனை மில்லில் குலை லாரியை வரும்போதும் போகும்போதும் நிறுத்துக் கழிக்கும் அதே வேலைதான். கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 270 பில்லியன் டன் இழக்கிறது. 360 பில்லியன் டன் கடலில் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். இதோடு அண்டார்டிகா, மலைப் பனியாறுகள், சூட்டில் கடல்நீரே விரிவது எல்லாம் சேர்ந்து, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

ஆனால் எங்கள் கடையில் இன்னொரு கட்சி, சென்ற வருடம் பண்டு (கடல்நீரைத் தடுக்கும் மண்கரை) வழிந்ததற்கே துருவப் பனிதான் காரணம் என்கிறது. முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக (வெளிவேலைகளைக் கவனிக்கும் எழுத்தர்) இருந்தவன் நான், அதையும் ஒப்ப மாட்டேன். 1993-இலிருந்து உலகச் சராசரியில் கடல் ஏறியது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், என் உள்ளங்கை அகலம். பரிட் (வடிகால் வாய்க்கால்) வெட்டித் தண்ணீரை வடித்து வடித்து எங்கள் தோட்டக் காட்டு மண் அதைவிட அதிகம் அமுங்கியிருக்கிறது. பழைய மரங்களின் வேர் அரை முழம் வெளியே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். மதகுத் தூணில் நான் அடித்த பெயிண்ட் கோடு இப்போது பௌர்ணமித் தண்ணீரில் மூழ்குகிறது. அதில் கடல் எவ்வளவு ஏறியது, தூண் எவ்வளவு இறங்கியது என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம், அந்த மதகின் பலகை உளுத்து இரண்டு வருடமாகிறது. சொல்ல வேண்டியவர்களிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. வாசகர் சொல்வதுபோல் கடல் ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பாகான் டத்தோ, பேராக், மலேசியா.