எடை சரி, டச் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மூன்றே மாதத்தில் 18 கிலோ குறைத்த ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்கள். அதே பக்கத்தின் அடியில் ‘30 நாளில் 10 கிலோ’ என்று ஒரு விளம்பரம். என் பட்டறைப் பையன் ஒருவன் கட்டுரையையும் விளம்பரத்தையும் சேர்த்தே கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் நான். வயது 51. எங்கள் தொழிலில் ஒருவர் கொலுசை நீட்டி ‘120 கிராம்’ என்றால், அடுத்த கேள்வி ‘டச் என்ன?’ என்பதுதான். டச் என்றால் வெள்ளியின் சுத்தம். தராசு எடையைச் சொல்லும். அதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லாது. உங்கள் கட்டுரையைப் படித்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது. 18 கிலோ போயிற்று, சரி. அதில் கொழுப்பு எத்தனை கிலோ, தசை எத்தனை கிலோ, வெறும் தண்ணீர் எத்தனை கிலோ? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. நாள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு மில்லி கிராம் வெள்ளி கீழே சிந்தினாலும் பட்டறைக் குப்பையைக் கூட்டி எடுத்து வைப்போம்; அதையும் உருக்கிக் காசாக்கலாம். அவ்வளவு கணக்குப் பார்க்கிற நான் என்னை மட்டும் நிறுத்துப் பார்த்ததே இல்லை. 2022-ல் எடை 98 கிலோ இருக்கும்போது, தெரிந்தவர் ஒருவர் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார். மாடியில் ஓர் அறை. காலை ஏழு மணிக்குப் பதினைந்து பேர் உட்கார்ந்து பொடி கரைத்துக் குடிப்போம், கை தட்டுவோம். இரவுக்கும் அதே பொடிதான். மதியம் மட்டும் கொஞ்சம் காய்கறி. பத்து வாரத்தில் 12 கிலோ குறைந்தேன். என்னையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ‘பின்பு’ படத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு மூன்று வாரம்கூட நிற்கவில்லை. முதலில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கம்பி இழுக்கக் கையில் பலம் இல்லை. அப்புறம் ஒரு நாள் நடுராத்திரி வலது விலாவுக்குக் கீழே யாரோ கொறடு போட்டுத் திருகுகிற மாதிரி வலி. பித்தப்பைக் கல் என்றார்கள். உடம்பு வேகமாக இளைக்கும்போது ஈரல் அதிகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுமாம். சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாகாமல் நீர் தேங்கிக் கல் கட்டுமாம். பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பொடியும் நின்றது. ஒன்றரை வருடத்தில் 86 கிலோ 103 கிலோ 400 கிராம் ஆனது. அந்த ‘பின்பு’ படம் இப்போதும் எங்கேயோ யாருக்கோ காட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

2024 பொங்கல் கழிந்த வாரம் அது. பட்டறையில் ஒரு கொலுசுத் திருகு என் மடியிலிருந்து உருண்டு கைக்கெட்டாத தூரம் போயிற்று. எழுந்து எடுக்கலாம் என்று பார்த்தேன். இடது கையால் சுவரைப் பிடித்தேன். வலது கையைப் பலகையில் ஊன்றினேன். முடியவில்லை. ‘இருங்க முதலாளி’ என்று சின்னப் பையன் ஒருவன் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். எழுந்து நின்று மூச்சு வாங்குவதற்குள், திருகையும் அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்கு உயரம் 168 செ.மீ. இடுப்பு 46 அங்குலம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் இடுப்பு போனாலே நம் உடல்வாகுக்கு ஆபத்து என்றார் மருத்துவர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.4 சதவீதம். மாத்திரை எழுதினார். ‘இந்தத் தடவை எடையைக் குறைக்க வேண்டாம், கொழுப்பைக் குறைங்க, தசையைக் காப்பாத்துங்க’ என்றார். பட்டினி கிடந்தால் உடம்பு தசையையும் சேர்த்தே தின்னும், குறைகிற எடையில் நான்கில் ஒரு பங்குவரைகூட அப்படிப் போகலாம் என்று விளக்கினார். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்து இருப்பு கரையும்போது அதோடு பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. கொழுப்பு போனால் லாபம், தசை போனால் சேதாரம்.

முதல் வேலையாக மதியச் சாப்பாட்டைத் தராசில் வைத்தேன். கொலுசு நிறுக்கிற அதே மின் தராசு. தட்டை வைத்துப் பூஜ்யம் பண்ணிவிட்டு, தூக்குவாளியில் வந்த சோற்றைக் கொட்டினால் 610 கிராம். பையன்கள் சிரித்தார்கள். வெந்த சோறு 100 கிராம் ஏறக்குறைய 130 கலோரி. அப்படியானால் குழம்புக்கு முன்பே 800 ஆகிவிட்டது. அதை 250 கிராமாகக் குறைத்தேன். அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பு, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பொரியல். வாரம் இரண்டு நாள் மேட்டூர் அணை மீன், வறுக்காமல் குழம்பில். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம்மவர்கள் சொன்னது சரிதான், ஆனால் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று நினைத்தால் ஏமாற வேண்டியதுதான். அதில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய, வயிறு நிறைந்திருக்கும். அந்தப் புரதம் கொள்ளைச் சாப்பிட்டால்தான் கிடைக்கும், ஊறவைத்த தண்ணீரில் கிடைக்காது.

நம் ஊர்ப் பொருளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், ஜவ்வரிசியையும் சொல்லியாக வேண்டும். விரதத்துக்கு லேசான சாப்பாடு என்று இரவில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறவர்கள் சேலத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் ஊர் நொறுக்குத் தீனியான தட்டுவடை செட்டை நான் விடவில்லை. தினம் இரண்டு செட் என்று இருந்ததை ஞாயிறு ஒரு செட் ஆக்கினேன். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கூழும் குடித்தேன். வீட்டில் கறி விருந்தும் சாப்பிட்டேன். அந்த வாரம் 900 கிராம் ஏறியது. அடுத்த இரண்டு வாரத்தில் இறங்கியது. இதையெல்லாம் பாவக் கணக்கு மாதிரி பார்த்தால் மூன்றாம் மாதமே ஓடிவிடுவோம்.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். முதலில் காலையில் காந்தி ஸ்டேடியத்தில் 20 நிமிட நடை. வாரத்துக்கு 150 நிமிடம் சேர்க்கவே இரண்டு மாதம் ஆனது. அப்புறம் பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம்தான். காதைப் பிடிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பழகினேன். என் தாத்தா காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று வைத்திருந்தார்கள். நாம் அதை விட்டுவிட்டு இப்போது காசு கொடுத்து ஆங்கிலப் பெயரில் கற்றுக்கொள்கிறோம். நானும் காசு கொடுத்தேன். ஐந்தாம் மாதம் ஜிம்மில் சேர்ந்தேன். என் மகள் வயதுப் பையன் ‘முதுகை வளைக்காதீங்கண்ணா’ என்று ஆறு மாதம் கத்தினான். அவனுக்கு என் நன்றி.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். என் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி உண்டு. இளைக்க இளைக்க அது தொடைக்கு நழுவும். நானே வெட்டிப் பற்றவைத்துக்கொள்வேன். 2024 நவம்பரில் என் எடை 84-க்கு வந்து நின்றுவிட்டது. நின்றது என்றால் ஐந்து மாதம் அசையவில்லை. 84.2, 83.9, 84.3 என்று அங்கேயே ஆடியது. வீட்டில் எல்லோரும் ‘போதும் விடுங்க’ என்றார்கள். நானும் விடுகிற நிலைக்கு வந்துவிட்டேன். ஆனால் அதே ஐந்து மாதத்தில் அரைஞாணை இரண்டு தடவை வெட்டினேன், மொத்தம் இரண்டு அங்குலம். எடை அப்படியே இருக்க இடுப்பு எப்படிக் குறையும்? கொழுப்பு போன இடத்தில் தசை ஏறியிருக்கிறது. தராசு மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

2025 ஆகஸ்டில் 74-ல் வந்து நின்றேன். பத்தொன்பது மாதத்தில் 29 கிலோ 400 கிராம். எங்கள் தொழிலில் ஒரு வெள்ளிக் கட்டி 30 கிலோ. கிட்டத்தட்ட அப்படி ஒரு கட்டியைத்தான் வருடக் கணக்கில் இந்த முட்டியின் மேல் ஏற்றி வைத்திருந்திருக்கிறேன். இடுப்பு 37 அங்குலம், அதாவது 94 செ.மீ. சர்க்கரை 5.9, மாத்திரையை மருத்துவரே பாதியாக்கினார். (சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் தாங்களாகச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது, சில மாத்திரைகளில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.) கணக்குப்படி நான் இன்னும் கொஞ்சம் குண்டுதான். இடுப்பும் 90 செ.மீ.க்குள் வரவில்லை.

உங்கள் கட்டுரையில் வராத இன்னொன்று, தோல். அடிவயிற்றில் காலிப் பை மாதிரி தொங்குகிறது. சட்டை போட்டால் தெரியாது. முகம் ஒட்டிப்போனதால் கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, ‘தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாவது சீக்காம்மா?’ என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். நண்பர்கள் ‘ஊசியா?’ என்றார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்கிற எடை குறைக்கும் ஊசி இங்கே விற்பனைக்கு வந்ததிலிருந்து இளைத்தவன் எல்லோரிடமும் இதுதான் கேள்வி. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அதில் தப்பில்லை. ஆனால் அதைப் போட்டாலும் புரதம், பளு தூக்குதல் இரண்டையும் விட முடியாது. அங்கேயும் தசைச் சேதாரம் உண்டு.

விளம்பரத்துக்கு வருகிறேன். சட்டம் படிக்கிற என் மகள் எடுத்துக் காட்டினாள். 1954-ஆம் ஆண்டு வந்த மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தில், இன்ன இன்ன நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது என ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உடல் பருமனும் ஒன்று. அதனால்தான் பொடிக்காரர்கள் யாரும் ‘மருந்து’ என்று சொல்வதில்லை, ‘சத்துணவு’ என்கிறார்கள். வெள்ளிக்கே 2025 செப்டம்பரிலிருந்து ஆறு இலக்கக் குறியீட்டோடு ஹால்மார்க் வந்துவிட்டது, கட்டாயமில்லை என்றாலும். இந்த ‘முன்பு’, ‘பின்பு’ படங்களுக்கு ஒரு முத்திரையும் கிடையாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அதிக எடை என்று வந்தது. அத்தனை பேரும் உங்கள் வாசகர்கள். அத்தனை பேரும் அந்தப் பொடிக்காரர்களுக்கு வாடிக்கையாளர்கள்.

எனவே ஆசிரியர் அவர்களிடம் மூன்று கோரிக்கை. இனி இப்படிக் கட்டுரை போட்டால் கிலோவோடு இடுப்பளவையும் போடுங்கள். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா என்றும் கேட்டுப் போடுங்கள். ‘பின்பு’ படம் எடுத்து ஒரு வருடம் கழித்து அதே ஆளை மறுபடி தேடிப் போய் ஒரு படம் எடுங்கள். முடிந்தால் இந்த 18 கிலோக்காரரிடமிருந்தே ஆரம்பியுங்கள். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, இருட்டு பிரிவதற்குள் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே நடக்கிறேன். முதல் தடவை இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபதில் இப்போது பதினான்கு வரை வந்தாயிற்று. அதற்கு மேல் பஸ்தான்.

அரைஞாணில் வெட்டிய துண்டுகள் ஒரு தீப்பெட்டியில் இருக்கின்றன. ஒன்பது அங்குலம், 29 கிராம். 2022-ல் வெட்டிய நாலு அங்குலத்தை உடனே உருக்கி ஒரு ஆர்டரில் சேர்த்துவிட்டேன். அடுத்த வருடமே புதுக் கம்பி போட்டு ஆறு அங்குலம் நீட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை 2026 ஆகஸ்ட் வரை அந்தத் தீப்பெட்டியைத் தொடப் போவதில்லை.

இப்படிக்கு,
வெள்ளிப் பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம்.)