திறந்த மடல்: கம்பெனிக்குத் தெரிந்த இன்ஜின் கோளாறு வண்டிக்காரருக்கும் தெரிய வேண்டும்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். டர்போ வைத்த சொகுசு எஸ்யூவிகளின் இன்ஜின் வேலைதான் என்னிடம் அதிகம் வருகிறது. ஒரே ஒரு கோரிக்கையோடு உங்களுக்கு எழுதுகிறேன். எந்த இன்ஜினில் என்ன கோளாறு வருகிறது, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகள் அனுப்புகின்றன. அவற்றை வண்டி வைத்திருப்பவரும் வெளி மெக்கானிக்கும் படிக்கும்படி பொதுவில் வெளியிடச் சொல்லி உத்தரவிடுங்கள்.

போன மாதம் ஒரு வண்டி டோயிங் லாரியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. திருப்பூரில் சின்னதாக நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர், கடன் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி அது. ஆறு வருடப் பழசு, இரண்டு லிட்டர் டர்போ டீசல். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வாங்கிய கொஞ்ச நாளிலேயே, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஓரிரு விநாடி கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோயிருக்கிறார். "டீசல்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த சர்வீஸிலும் அதே பதில். சத்தம் பற்றிய புகாரை, வண்டியை விடும்போது புகார்களையும் வேலைகளையும் குறித்துத் தரும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அதையும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பும்போது, பெருந்துறைக்குப் பக்கத்தில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் அறுந்துவிட்டது. வலது லேனில் போய்க்கொண்டிருந்த வண்டியில் இன்ஜின் சட்டென்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் இறுகிவிடும். இரண்டு டன் வண்டி அது. பின்னால் லோடு லாரிகள் வந்துகொண்டிருந்தன. எப்படியோ இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்திருக்கிறார். யாருக்கும் அடிபடவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி முன்பே புகார் சொன்ன மனிதர் அவர் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்ஜினைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகள் வளைந்து, பிஸ்டன் தலையில் இடித்த தடம் விழுந்திருந்தது. செயின் விலகாமல் தாங்கும் கைடின் பிளாஸ்டிக் துண்டுகள், இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்பில் கிடந்தன. சர்வீஸ் சென்டரில் புது இன்ஜினுக்குச் சொன்ன தொகை, அவர் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். வாரண்டி முடிந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

நான் ஸ்பேர் ஆர்டர் போட்டேன். வந்த செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கைடு எல்லாவற்றிலும் பார்ட் நம்பர் மாறியிருந்தது. பழைய டென்ஷனரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிவமே வேறு. கம்பெனி அந்தப் பாகங்களைத் திருத்தியிருக்கிறது. திருத்தியிருக்கிறது என்றால், பழையதில் குறை இருந்தது அவர்களுக்குத் தெரியும். அன்றிரவே அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏவின் இணையதளத்தில் தேடினேன். அதே இன்ஜின் குடும்பத்துக்கு அதே கம்பெனி அனுப்பிய சுற்றறிக்கை அங்கே இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தம், எந்தக் காலத்தில் தயாரான வண்டிகள், எதை எதை மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. காசு கொடுக்காமல், லாகின் இல்லாமல், என் போனிலேயே படித்தேன். திருப்பூர்க்காரர் கேட்டபோது சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில்: "அதெல்லாம் இன்டர்னல் டாக்குமென்ட், கஸ்டமருக்குத் தர முடியாது."

அமெரிக்காவில் டீலர்களுக்கு அனுப்பும் இத்தகைய சுற்றறிக்கைகளின் நகலை அரசுக்கும் கொடுத்தாக வேண்டும், அரசு அதைப் பொதுவில் வைக்கிறது. அந்த ஒரு ஏற்பாட்டைத்தான் இங்கேயும் கொண்டுவரச் சொல்கிறேன்.

இந்த இன்ஜின்களுக்கு ஏன் இது இவ்வளவு அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு மூன்று லிட்டர் இன்ஜின் கொடுத்த சக்தியை இப்போது இரண்டு லிட்டரில் எடுக்கிறார்கள். டர்போ இல்லாமல் அது நடக்காது. சைலன்சருக்குப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கும் அப்படியே. ஆயில் நீர்த்துப்போனால் இந்த மூன்றும் சேர்ந்து தேயும். போதாக்குறைக்கு, சில இன்ஜின்களில் செயினைப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் இருந்தால் எளிதாகப் பார்த்து மாற்றலாம். பின்பக்கம் என்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும்.

ஆயில் எப்படி நீர்த்துப்போகிறது? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி அதை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறது. ஹைவேயில் நிற்காமல் ஓடினால் வேலை ஒழுங்காக முடிந்துவிடும். ஊருக்குள் டிராஃபிக்கில் நின்று நின்று, ஐந்து கிலோமீட்டரில் ஆபீஸ் போய் ஆஃப் செய்கிற வண்டியில் அது பாதியில் நின்றுபோகும், மறுநாள் மறுபடி தொடங்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்பில் இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. ஏறியதை விரலில் தொட்டுப் பார்க்கலாம் என்றால் பல சொகுசு வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கே கிடையாது, திரை காட்டுவதை நம்ப வேண்டியதுதான். இப்படி ஓடும் வண்டிகளுக்கும் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கிறார்கள், அதற்கும் மேல் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. நகரத்துக்குள்ளேயே ஓடும் டர்போ டீசலுக்கு அதில் பாதியில் மாற்ற வேண்டும் என்பது என் அனுபவம். மெக்கானிக் சொன்னால் காசு பிடுங்குகிறான் என்பார்கள். கம்பெனியின் சுற்றறிக்கை கையில் இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பெட்ரோல் டர்போக்களின் கதை வேறு. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சுவதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை, கரி படிகிறது. சூட்டில் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடும் கூலன்ட் இணைப்புகளும் வெடிக்கின்றன. இவையும் கம்பெனிகளுக்குத் தெரியாததல்ல.

பிஎம்டபிள்யூவின் என்63 இன்ஜினைப் பாருங்கள். 2008இல் எக்ஸ்6 எஸ்யூவியில் அறிமுகமான 4.4 லிட்டர் வி8 அது, அதாவது எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரு வரிசையாக நிற்கும் இன்ஜின். இரண்டு டர்போவையும் வி வடிவின் நடுப்பள்ளத்தில் வைத்தார்கள். டர்போவுக்கு வாயு சீக்கிரம் போய்ச் சேரும், வேகம் உடனே கிடைக்கும். ஆனால் அத்தனை சூடும் இன்ஜினின் நடுவிலேயே தங்கிவிடும். 2014 டிசம்பரில் அந்தக் கம்பெனியே அமெரிக்காவில் வண்டிகளை அழைத்து டைமிங் செயினைச் சோதித்தது, இன்ஜெக்டர்களையும் வேறு சில பாகங்களையும் மாற்றிக் கொடுத்தது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் 10,000 மைல் அல்லது ஒரு வருடம் என்று குறைத்தது. விஷயம் வெளியில் தெரிந்திருந்ததால்தான் அங்கே உரிமையாளர்களால் கேட்க முடிந்தது, நீதிமன்றத்துக்கும் போக முடிந்தது.

இன்ஜின் நிற்பது ஆயுள் குறைவுதான், பாதுகாப்புக் குறைவல்ல என்று கம்பெனிகள் வாதாடுகின்றன. 2024 மே மாதம் அமெரிக்காவில் டொயோட்டா, டண்ட்ரா பிக்கப்பும் லெக்சஸ் எல்எக்ஸ் எஸ்யூவியும் சேர்ந்து ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரட்டை டர்போ வி6 இன்ஜினுக்குள் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்களால் பேரிங் போய், ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம், அதனால் விபத்து நேரலாம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அமெரிக்காவில் பாதுகாப்புக் குறையாக இருப்பது பெருந்துறையில் மட்டும் எப்படி வேறாகும்?

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. 2021 ஏப்ரலில் விதிகளும் அமலுக்கு வந்தன. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர வேண்டும், வண்டி ஏழு வருடத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாக விற்கும் வண்டிகளில் ஒருவருக்கு வந்த கோளாறு இன்னொருவருக்கும் வந்திருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாதபோது புகார் எப்படிச் சேரும்? சுற்றறிக்கைகளை வெளியிடுங்கள், புகார்கள் தானாக வரும்.

இது பணக்காரர்கள் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக வாங்குபவர் வாரண்டி முடியும் முன்பே விற்றுவிடுகிறார். மாட்டிக்கொள்பவர் இரண்டாவது ஆள்தான். அந்த வண்டி புதிதாக விற்றபோது அரசுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம் வரை போயிருக்கிறது. 2025 செப்டம்பருக்குப் பிறகும் 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி தனியாக 20 சதவீதம். இவ்வளவு வரி வாங்கும் அரசு, வண்டியில் என்ன குறை என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக்கூட வாங்கித் தரவில்லை. எங்களைப் போன்ற வெளி மெக்கானிக்குகளின் நிலைமையும் அப்படியே. உதிரிபாகங்களையும் ரிப்பேர் தகவலையும் வெளி ஒர்க்‌ஷாப்புக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று தனி இணையதளமே தொடங்கியது. இன்றைக்கும் ஒரு செயின் டென்ஷனரின் உண்மையைத் தெரிந்துகொள்ள நான் அமெரிக்க அரசின் இணையதளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன். டீலர்களுக்குப் போகும் ஒவ்வொரு தொழில்நுட்பச் சுற்றறிக்கையின் நகலையும் அமைச்சகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் பரிவாகன் தளத்திலேயே, சேஸிஸ் நம்பரைப் போட்டால் அந்த வண்டிக்கு உரியவை தெரியும்படி செய்யுங்கள். பத்து வருடப் பழைய வண்டிகளுக்கும் அது கிடைக்கட்டும். புகாரை ஜாப் கார்டில் எழுத மறுக்கும் சர்வீஸ் சென்டர் மீது நடவடிக்கை எடுக்க வழி செய்யுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையா, விதித் திருத்தமே போதுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எதுவானாலும் எப்போது செய்வீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஒர்க்‌ஷாப் மெக்கானிக்,
கோயம்புத்தூர்.