செந்தூலில் இருக்கும் மகனுக்கு: கணினியின் செயலியைக் கடைசியில் தேர்ந்தெடு

அன்புள்ள மகனுக்கு,

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த உதிரிப்பாகப் பட்டியலை இரவு வேலை முடிந்து வந்ததும் பொறுமையாகப் படித்தேன். பகுதிநேர வேலையில் சேர்த்த நாலாயிரத்து ஐந்நூறு மலேசிய வெள்ளிக்குள், விளையாடுவதற்கென்று ஒரு கணினியை நீயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்கிறாய். ஆசை நல்ல ஆசை. உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு என்னிடம் வருவதால், உனக்கான பதிலை எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் பட்டியலின் தலையில் கணினியின் மூளையான செயலி (பிராசஸர்), ரைசன் 7 7800எக்ஸ்3டி, இருக்கிறது. அதற்குக் கீழே வரைகலை அட்டை ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் 6 ஜிபி வகை. திரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உன் அம்மாவிடம் கேட்டபோது, கூடத்தில் இருக்கும், விநாடிக்கு 60 முறை மட்டும் படம் மாற்றும் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையையே பயன்படுத்தப் போகிறாய் என்றாள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பணத்தில் பெரும்பங்கு உன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் முடங்குகிறது என்பது தெரியும். செயலியில் தொடங்கிக் கீழே இறங்கி வராமல், திரையில் தொடங்கி வரைகலை அட்டைக்கு வந்து, அதற்குப் பிறகே செயலிக்குப் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

விளையாட்டின் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் தோன்றி மறையும் ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு வேலைகள் நடக்கின்றன. யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எதில் பட்டது, எதிரி அடுத்து என்ன செய்வான், சர்வரிலிருந்து என்ன செய்தி வந்தது என்பதையெல்லாம் கணக்கிட்டு, 'இதை வரை' என்று கட்டளை கொடுப்பது செயலி. அந்தக் கட்டளைப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் தீட்டுவது வரைகலை அட்டை. விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி இருக்கிறது; 144 பிரேம் வேண்டுமானால் 6.9 மில்லி விநாடிதான். இரண்டு வேலைகளில் எது அதிக நேரம் எடுக்கிறதோ, அதன் வேகமே உன் வேகம். செயலி 4 மில்லி விநாடியில் கணக்கை முடித்துவிட்டு, அட்டை 20 மில்லி விநாடி வரைந்துகொண்டிருந்தால், உனக்குக் கிடைப்பது 50 பிரேம். அந்தச் செயலியின் இடத்தில் இரு மடங்கு விலையுள்ள ஒன்றைப் பொருத்தினாலும் 50 பிரேம்தான்.

அப்படியானால் நீ பார்த்த வேக ஒப்பீட்டு வரைபடங்களில் 7800எக்ஸ்3டி மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்கிறதே என்று கேட்பாய். அந்தப் படங்கள் பொய்யல்ல. செயலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை வெளியே கொண்டுவருவதற்காகச் சோதிப்பவர்கள் வேண்டுமென்றே ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற, அந்தந்த நேரத்தில் சந்தையின் உச்சியில் இருக்கும் அட்டையைப் பொருத்தி, புள்ளிகள் குறைவான 1080பி தெளிவுத்திறனில் ஓட்டுகிறார்கள். அப்போது அட்டைக்கு வேலை மிகக் குறைவு, ஆகவே செயலியின் வேகம் மட்டுமே எண்ணிக்கையில் தெரியும். சோதனைக்கு அது சரியான முறை. ஆனால் அந்த அட்டை உன்னிடம் இல்லை. அதே படத்தை 3050 அட்டையோடு வரைந்தால், கனமான விளையாட்டுகளில் எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

7800எக்ஸ்3டியைக் குறை சொல்கிறேன் என்று எண்ணாதே. 2023 ஏப்ரலில் வந்த அந்தச் செயலி அழகான வேலைப்பாடு. சாதாரண ரைசன் 7 7700இல் 32 எம்பி எல்3 கேச், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், இருக்கிறது. இதில் எட்டு கோர்கள் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) உள்ள சில்லின் மேல் இன்னொரு 64 எம்பி சில்லை ஒட்டி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். விளையாட்டுகள் சின்னச் சின்னத் தரவுகளை முன்பின் தொடர்பில்லாத வரிசையில் அள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றைக் கணினியின் பொது நினைவகமான ரேமுக்குப் போய் எடுத்து வருவது செயலியின் கணக்கில் நீண்ட காத்திருப்பு. அதில் பெரும்பகுதியை இந்தக் கேச் மிச்சப்படுத்துகிறது. விலையுயர்ந்த அட்டையும், 240 ஹெர்ட்ஸ் திரையும், நாளெல்லாம் வேலோரண்ட் ஆடும் பழக்கமும் உள்ளவனுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. உனக்கு அது இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் சந்தேகத்தை நீயே தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நண்பன் வீட்டுக் கணினியில் நீ ஆடப்போகும் விளையாட்டைத் திற. பிரேம் எண்ணிக்கை திரையில் தெரியும்படி வை. பிறகு தெளிவுத்திறனை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கு. எண்ணிக்கை ஏறினால் அங்கே கட்டுப்படுத்துவது வரைகலை அட்டை. ஏறாமல் அப்படியே நின்றால் செயலி. சைபர்பங்க் 2077 போன்றவற்றில் பெரும்பாலும் முதலாவது நடக்கும். டோட்டா 2, வேலோரண்ட் போன்றவற்றில் இரண்டாவது நடக்க வாய்ப்பு அதிகம். இதைச் செய்துவிட்டு எனக்கு எழுது.

இனி ஆறு கோர் போதுமா என்ற கேள்வி. 'ஆறு கோர் என்பது எட்டு கோரில் கெட்டுப்போனதை விற்பது, அது எனக்கு வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். இதற்குச் சித்தியைத் தவிர வேறு யாரிடம் கேட்பாய்? இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் இந்தப் பினாங்கில்தான் தொடங்கியது. ரைசன் செயலிகளை விற்கும் ஏஎம்டியும் அதே ஆண்டில் இங்கே வந்தது. நீ வாங்கும் செயலியின் உலோக மூடியைக் கூர்ந்து பார்த்தால், சில்லு தைவானில் உருவானது என்றும் மலேசியாவில் செய்து முடிக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கக்கூடும். சிலிக்கான் தட்டு வேறு நாட்டிலிருந்து வரும். அதை வெட்டி, அடித்தளத்தில் பொருத்தி, மூடியிட்டு, சோதித்துப் பிரிப்பது இந்தத் தீவு போன்ற இடங்களில்.

அந்தச் சோதனையில்தான் பெயர் முடிவாகிறது. ஒரே தட்டிலிருந்து வந்த சில்லுகளாக இருந்தாலும், எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் குறித்த வெப்பநிலையில் வைத்து, குறித்த மின்னழுத்தத்தில் எந்த வேகம்வரை தவறில்லாமல் கணக்கிடுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கோரில் குறை இருந்தால் அந்தக் கோரை நிரந்தரமாக அணைத்துவிட்டு, மற்றவற்றை முழுமையாகச் சோதித்து, குறைந்த எண்ணுள்ள பெயரில் அனுப்புவார்கள். ரைசன் 5 7600இல் இருப்பது எட்டு கோர்களுக்கான சில்லுதான். ஆறு மட்டும் திறந்திருக்கும். மலிவான வகைக்குத் தேவை மிகும்போது, எட்டும் நன்றாக இருக்கும் சில்லிலும் இரண்டை அணைத்து விற்பது உண்டு. இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்தும் இவ்வாறே, உள்ளிருக்கும் வரைகலைப் பகுதி அணைக்கப்பட்டது என்பதைக் குறிக்கிறது. சோதனையைத் தாண்டி வந்த ஆறு கோர் செயலி, எட்டு கோரை விட எந்த வகையிலும் நம்பத்தகாதது அல்ல. இன்றைய விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆறு கோரும் பன்னிரண்டு த்ரெட்டும் (ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் கையாளும் இரண்டு வேலை வரிசைகள்) போதும்.

ஆகவே உன் பணத்துக்கு என் கண்ணில் படுபவை மூன்று: இன்டெல் கோர் ஐ5 12400எஃப், ரைசன் 5 5600, ரைசன் 5 7600. மூன்றும் ஆறு கோர்கள், பன்னிரண்டு த்ரெட்டுகள். மூன்றின் பெட்டியிலும் செயலியைக் குளிர்விக்கும் கூலர் வரும். முதல் இரண்டும் 2022இல் வந்தவை, பழைய டிடிஆர்4 ரேமோடு ஓடக்கூடியவை, ஆகையால் மொத்தச் செலவு குறையும். 7600 வேகமானது, ஆனால் ஏஎம்5 என்ற சாக்கெட்டில் (தாய்ப்பலகையில் செயலியைப் பொருத்தும் இடம்) அமர்வதால் புதிய தலைமுறை டிடிஆர்5 ரேமைத் தவிர வேறெதையும் ஏற்காது. டிடிஆர்5 விலை ஏறியிருக்கும் மாதத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தும்.

இருந்தாலும் நான் 7600 பக்கமே சாய்கிறேன். காரணம் சாக்கெட். 2017இல் ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 தாய்ப்பலகை வாங்கியவர்களில் பலர், பலகையைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே பலகையில் பொருத்திக்கொண்டார்கள். ஏஎம்5க்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இப்போது 7600 வாங்கி, மிச்சப்படும் பணத்தை அட்டையில் போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நீ ஆசைப்பட்ட எக்ஸ்3டி வகைகளில் ஒன்றை, யாரோ மாற்றும்போது பழைய பொருளாக மலிவாக வாங்கி, அதே பலகையில் உட்கார வைக்கலாம். 12400எஃப் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டோ 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. கையில் பணம் இறுக்கமாக இருந்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் செயலியைத் தொடப்போவதில்லை என்றால், 12400எஃப் எடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கான தாய்ப்பலகை டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையா என்பதைப் பெயரை முழுதாகப் படித்து உறுதி செய்துகொள், ஏனெனில் ஒரே பெயரில் இரண்டும் விற்கின்றன.

7600ஐ விரும்புவதற்கு இன்னொரு சிறிய காரணமும் இருக்கிறது. அதில் எளிய உள் வரைகலை உண்டு. அட்டை பழுதாகி வாரண்டிக்குப் போயிருக்கும் வாரங்களில் திரையை நேரே தாய்ப்பலகையில் செருகிப் பாடத்தையாவது படிக்கலாம். எஃப் வகையில் அந்த வசதி இல்லை.

கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போகும்போது பெயர்களில் கவனமாக இரு. ரைசன் 5 5500க்கும் 5600க்கும் எண்ணில் சிறிய வேறுபாடுதான், உள்ளே அப்படியல்ல. 5500இல் எல்3 கேச் பாதி, 16 எம்பி. வரைகலை அட்டையோடு பேசும் பாதையும் ஒரு தலைமுறை பழைய பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற அட்டைகள் அந்தப் பாதையில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பாதையில் கொஞ்சம் மூச்சு வாங்கும். 5600ஜியும் இதே வகை. 'ரெண்டும் ஒண்ணுதான் தம்பி' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு 5600ஐயே கேள்.

'ட்ரே' என்று சொல்லி மலிவாகக் கொடுப்பது பெட்டியில்லாத செயலி. கூலர் வராது, வாரண்டி பெரும்பாலும் விற்கும் கடையின் வாக்கு மட்டும். பெட்டியோடு வாங்கினால் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரண்டி. முதல் கணினிக்குப் பெட்டியே நல்லது.

பழையதாக வாங்கும் எண்ணம் இருந்தால், இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 செயலிகளிடம் எச்சரிக்கை தேவை. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் அவற்றில் சில காலப்போக்கில் நிலையிழந்தன. 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (செயலிக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால் திருத்தத்துக்கு முன்பே தேய்ந்ததை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. 12400எஃப் இந்தச் சிக்கலில் இல்லை. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் இன்டெல் 6, 7ஆம் தலைமுறைக் கணினிகளையும் தவிர்த்துவிடு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், அதில் வேலோரண்டும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்காது.

கூலரைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. உன் அறையில் ஏர்கோன் இல்லை, பிற்பகலில் 32 பாகை வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 7600 முழு வேகத்தில் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது, 95 பாகை வரை தாங்கும்படியே அமைக்கப்பட்டது. பெட்டியில் வரும் கூலர் கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். தண்ணீர்க் கூலரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ரேமை 16 ஜிபி ஒற்றைத் துண்டாகப் போட்டிருக்கிறாய். அதை 8 ஜிபி இரண்டாக மாற்று, ரேமுக்கும் செயலிக்கும் இடையிலுள்ள இரண்டு பாதைகளும் திறந்தால்தான் செயலிக்குத் தீனி சரியாகப் போகும். மிச்சப்படும் பணத்தை ஆர்டிஎக்ஸ் 4060, 5060 வரிசையிலோ அதற்கு நிகரான ரேடியான் அட்டையிலோ போடு. ஏதாவது மீதியிருந்தால் 144 ஹெர்ட்ஸ் திரை.

பூட்டும் நாளுக்கு இரண்டு சொற்கள். ஏஎம்5இல் ஊசிகள் செயலியில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. செயலியை முக்கோண அடையாளம் பார்த்து நேராக வை, விரலால் அழுத்தாதே, நெம்புகோலை இறக்கும்போது கறுப்பு மூடி தானாகத் தெறித்து வரும். அதை எறிந்துவிடாதே, பலகையை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் கேட்பார்கள். முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் திரை சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கலாம். பலகை ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. பயந்து அணைத்துவிடாமல் காத்திரு.

திருத்திய பட்டியலை அனுப்பு. தாய்ப்பலகையின் பெயரை 'பி650' என்று மட்டும் எழுதாமல், கடைசி எழுத்துவரை முழுதாக எழுது. பயாஸ் பதிப்பை நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி