எனக்கு முன் இந்தக் காரைப் பழுதுபார்த்தவருக்கு ஒரு கடிதம்

ஐயா,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இந்தக் கார் உங்களிடம் எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதும் தெரியாது. எனக்கு விற்றவருக்கும் உங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இடது பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில், இறுகிப்போன ரெசினில் (கண்ணாடியிழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்), உங்கள் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகப் பதிந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகள் அந்த ரேகைக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இக்கடிதத்தின் பெரும்பகுதி உங்கள் மீதான குறைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1962இல் அறிமுகமான இந்த லோட்டஸ் எலான் எப்படிப்பட்ட வண்டி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எஃகில் செய்த முதுகெலும்பு போன்ற ஒரு சேசிஸ் என்னும் அடிச்சட்டம், அதன் மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடியிழைக் கூடு, மொத்தமும் 700 கிலோவுக்குக் குறைவு. அதற்கு முன் வந்த லோட்டஸ் எலைட்டில் எஃகுச் சேசிஸே கிடையாது. கூடே எல்லாச் சுமையையும் தாங்கியது. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய அச்சுகளுக்குச் செலவழிக்க இயலாத சிறிய நிறுவனங்களுக்குக் கண்ணாடியிழை ஒரு வரமாக அமைந்தது. பெரிய நிறுவனமான செவர்லேகூட 1953இல் முதல் 300 கார்வெட் வண்டிகளை இப்பொருளில்தான் செய்தது. துருப்பிடிக்காத கார் என்று எல்லோரும் நம்பி வாங்கினார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். நீங்கள் பூசிய சிவப்பு அப்போது கண்ணைப் பறித்தது.

தகரத்தில் செய்த காராக இருந்திருந்தால் ஒளித்து வைத்த குறை ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்து வெளியே வந்திருக்கும். கண்ணாடியிழை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு வாயே திறக்காது. அந்த மௌனத்தைத்தான் நீங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

பெயின்டை அகற்றும்போதே உங்களோடு என் சண்டை தொடங்கியது. பானட்டின் வலப்பக்கத்தில் மட்டும், கண்ணாடியிழையின் வழவழப்பான மேற்படலமான ஜெல்கோட் மெழுகு போல மிருதுவாகி, நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது. தகரத்துக்கான பெயின்ட் ரிமூவரை நீங்கள் அங்கே தடவியிருக்கிறீர்கள். அந்த ரசாயனத்துக்குப் பெயின்ட் எது, அதன் அடியில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசின் எது என்ற வேறுபாடு தெரியாது; இரண்டையும் தின்றுவிடும். பாதியில் பயந்து நிறுத்தியிருப்பீர்கள் போலும், இடப்பக்கம் தப்பித்தது. நான் கூரிய பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்துச் சுரண்டினேன். ஒரு கதவுக்கு மூன்று வாரங்கள் ஆயின. சிவப்பு, அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் சாம்பல், மீண்டும் ஒரு மங்கிய சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையில் அடித்த வெள்ளை என்று மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக வந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் இருந்த பட்டி முழுவதும் உங்களுடையது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

முன்மூக்கில் அந்தப் பட்டியின் கனம் 9 மில்லிமீட்டர். அதை உடைத்து எடுத்தபோது உள்ளே கைப்பிடி அளவு ஓட்டை. அதை மறைக்க ஓர் அலுமினியத் தகடு. தகட்டைப் பிடித்துக்கொள்ள ஆறு ரிவிட்டுகள். ஒவ்வொரு ரிவிட்டிலிருந்தும் ஒரு விரிசல் புறப்பட்டிருந்தது. அலுமினியம் வெயிலில் விரிவது ஓர் அளவு, கண்ணாடியிழை விரிவது வேறோர் அளவு. எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொண்டால், துளையிட்ட இடத்தில்தான் எல்லா இழுவையும் வந்து குவியும். ஒரு விரிசலை மூட ஆறு விரிசல்களுக்கு வழி செய்திருக்கிறீர்கள்.

நட்சத்திர விரிசல்களுக்கும் இதே வைத்தியம்தான் செய்திருந்தீர்கள். சக்கரம் தூக்கி எறிந்த கல் உள்பக்கம் அடித்தாலும், யாரோ பானட்டின் மேல் முழங்கையை ஊன்றினாலும், ஒரு புள்ளியிலிருந்து கால் பரப்பிய சிலந்தி போல ஜெல்கோட் வெடிக்கும். அதன் மேல் பட்டி தடவித் தேய்த்தால் அன்றைக்கு மறையும், அடியில் இருக்கும் இழை அசைந்துகொண்டே இருப்பதால் அடுத்த ஆண்டே அதே கோடு அதே இடத்தில் திரும்ப வரும். விரிசலின் கடைசி நுனிவரை கிரைண்டரால் தோண்டி எடுத்து, பின்பக்கத்தில் புதிய மேட் (கண்ணாடி இழைகளாலான விரிப்பு) ஒட்டி அந்த இடத்தை அசையாமல் செய்த பிறகுதான் முன்பக்கத்தைத் தொட வேண்டும்.

ஓட்டையை அடைக்கும் முறையும் அதுதான், அளவு மட்டும் பெரிது. சுற்றிலும் சரிவாகச் சீவி, கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குப் பழைய இழையைத் திறக்க வேண்டும். கூட்டின் கனம் 3 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர். பார்க்கும்போது ஓட்டையை நாமே மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டோமே என்று வயிற்றைக் கலக்கும். ஆனால் புதிய இழைக்கும் பழைய இழைக்கும் இடையே ரசாயனப் பிணைப்பு அவ்வளவாக இருக்காது, ஒட்டும் பரப்புதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கிழித்து எடுத்த மேட்டை, கத்தரியால் வெட்டியதை அல்ல, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மேட்டின் எடையைப் போல 2 அல்லது 2.5 மடங்கு ரெசின் விட்டு, பிரஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை ஓட்ட வேண்டும். வெள்ளையாக விறைத்திருந்த மேட், ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதன் பசையைக் கரைத்ததும் திடீரென்று தளர்ந்து, கண்ணெதிரே நிறமிழந்து, ஈரத்துணி போல மூக்கின் வளைவில் போய்ப் படியும். ஐந்து ஆண்டு வேலையில் எனக்கு அலுக்காத ஒரே காட்சி அது.

உங்கள் இன்னொரு தவற்றை நான் நகத்தாலேயே கண்டுபிடித்தேன். டிக்கியின் ஓரத்தில் முதலில் எபாக்சி என்ற வேறு வகை ரெசினைப் பூசி, அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்த மேட்டை ஒட்டியிருக்கிறீர்கள். காய்ந்த பாலியெஸ்டர் மீது எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி மீது பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன், உள்ளங்கை அகலத் துண்டு அப்பளம் போலக் கையோடு வந்தது.

இனி என் பக்கத்துக் கணக்கு. என் முதல் கலவை ஒரு குளிர்ந்த காலையில் நடந்தது. 100 கிராம் ரெசினுக்கு அதை இறுகச் செய்யும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம் போதும் என்று டப்பாவில் அச்சடித்திருந்தும், குளிருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும் என்று கண்ணளவாக ஊற்றினேன்; அதுவும் ஒரு லிட்டரை மொத்தமாகக் கலந்தேன். நாலு விள்ளல் பூசுவதற்குள் ரெசின் வாளிக்குள் கூழாகி, கொதித்து, புகையத் தொடங்கியது. வாளியின் அடிப்பகுதி உருகிப் பிதுங்க, அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மெல்லிய படலமாகப் பரவியிருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் போய்விடும். வாளியில் திரண்டிருக்கும்போது போக இடமின்றித் தன்னையே சமைத்துக்கொள்ளும். அதன்பின் ஒருமுறைக்கு 200 கிராமுக்கு மேல் நான் கலந்ததே இல்லை. அந்த ஹார்டனர் ஒரு பெராக்சைடு, ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சலரேட்டரோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அரிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கழுத்துப்பட்டையை மூடாமல் கிரைண்டர் பிடித்த அன்றிரவு தூக்கமே இல்லை. பச்சைத் தண்ணீரில் கழுவுவதுதான் நல்லது என்று பழகியவர்கள் சொல்வதை இப்போது நானும் சொல்கிறேன்.

துருப்பிடிக்காத கார் என்ற நம்பிக்கை, நான்கு பேர் சேர்ந்து கூட்டைத் தூக்கிய அன்று உடைந்தது. சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் ஒரு மூடிய பெட்டி. எழுந்து படுக்கும் முன்விளக்குகளுக்கு வேண்டிய வேக்குவத்தை, அதாவது வெற்றிடத்தை, சேமிக்கும் தொட்டியாகவும் அதையே லோட்டஸ் பயன்படுத்தியது. பணத்தையும் எடையையும் மிச்சம் பிடிக்கும் அபாரமான யோசனை, அந்தப் பெட்டியில் ஊசிமுனை அளவு துரு விழும்வரை. துளை விழுந்ததும் வேக்குவம் கசியும், இரவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைப் போல மெல்ல இமை மூடும். உங்களுக்கும் அது நடந்திருக்க வேண்டும். சட்டம் முழுவதும் விரல் கனத்துக்குத் தார் அப்பியிருந்தீர்களே! தார் கசிவை அடைக்கவில்லை, உள்ளே நின்ற தண்ணீரைப் போகவிடாமல் காத்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், அது கைப்பிடிவரை உள்ளே போனது. அந்தச் சேசிஸை ஒட்டிப் பயனில்லை என்று முடிவுசெய்து, துத்தநாகம் பூசிய புதியதை வரவழைத்தேன்.

மின்வேலையில் நீங்கள் செய்தது மட்டும் எனக்குச் சிரிப்பைத் தந்தது, கோபத்தையல்ல. பின்விளக்கின் எர்த் வயரை ஒரு திருகாணியால் கண்ணாடியிழையிலேயே முடுக்கியிருந்தீர்கள். தகரக் காரில் பழகிய கை அது. எந்த இடத்தில் முடுக்கினாலும் எர்த் கிடைத்துவிடும் என்ற பழக்கம். இங்கே கூடு மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ்வரை தனி வயர் போக வேண்டும். எர்த் இல்லாத மின்சாரம் அடுத்த பல்பின் இழை வழியாகப் புகுந்து திரும்ப வழி தேடும். அதனால்தான் பிரேக்கை மிதித்தால் உங்கள் பின்விளக்கு மங்கியது, சிக்னல் போட்டால் டேஷ்போர்டு கண்ணடித்தது.

இவ்வளவும் சொன்ன நான் செய்ததைக் கேளுங்கள். எலான் கூட்டை வடிவமைத்த ரான் ஹிக்மன்தான் ஒர்க்மேட் என்ற மடக்கு மேசையையும் கண்டுபிடித்தார். நாற்காலியை மேசையாக வைத்துப் பலகை அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டதில் பிறந்த யோசனை அது. அவருடைய மேசைகள் இரண்டின் மேல் அவருடைய கூட்டையே வைப்பதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குள் மகிழ்ந்து, சேசிஸ் வரும்வரை எட்டு மாதங்கள் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு மேசைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. தாங்கல் சமமாக இல்லாத கண்ணாடியிழை தன் எடையிலேயே மெல்ல மெல்லச் சாய்ந்து, சாய்ந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இறக்கிப் பார்த்தபோது ஓட்டுநர் கதவின் இடைவெளி மேலே 3 மில்லிமீட்டர், கீழே 8. அந்த முறுக்கலோடுதான் மூக்கையும் நான் ஒட்டி முடித்திருந்தேன். புதிய சேசிஸில் பூட்டி முடுக்கியபோது கூடு பாதி நேரானது. மீதியை நேராக்க, நான் ஒட்டிய மூக்கின் ஓரத்தை நானே மீண்டும் அறுத்தேன். ரெசின் சுருங்கி முடிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்ததால், காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த இடத்தில் மேட்டின் இழைகள் நிழல் போலத் தெரிகின்றன. எனக்குப் பின் வருபவர் அதைப் பார்த்து என்னைத் திட்டுவார்.

இடது பின்சக்கர வளைவை மட்டும் கடைசிவரை ஒத்திப்போட்டேன். அங்கேயும் உடைந்திருக்கிறது, அங்கேயும் நீங்கள்தான் ஒட்டியிருக்கிறீர்கள். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன்: இழை விட்டுப்போன இடத்தில் பொத் என்று கேட்கும், இறுகிய இடத்தில் டக் என்று கேட்கும். ஓரம் முதல் ஓரம்வரை டக் என்றே கேட்டது. சரிவு சரியாக இருந்தது, குமிழ் ஒன்றுகூட இல்லை, மேட் கிழித்த மேட்டாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் செய்த அதே ஆள் இதை எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. முதலில் இதைச் செய்துவிட்டுப் பின்னால் சலித்துப்போனீர்களா, அல்லது எல்லாவற்றையும் கெடுத்துக் கற்றுக்கொண்டு கடைசியாக இதைச் செய்தீர்களா? அந்த இடத்தில் நான் உப்புத்தாளைக்கூட வைக்கவில்லை. வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடித்தேன், ரேகை இருக்கும் உட்புறத்தில் தார் படாமல் காகிதம் ஒட்டி மறைத்தேன்.

இப்படிக்கு,
இப்போது இந்தக் காரை வைத்திருப்பவன்