திருவல்லிக்கேணியில் தங்கப்போகும் மகளுக்கு

செல்விக்கு அம்மா எழுதுவது.

பயிலரங்கு சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்றால் தங்குவதற்குத் திருவல்லிக்கேணிதான் தோது. நடந்தே போய்விடலாம். எழும்பூரில் இறங்கியதும் கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள் கண்ணில் படும். ரயிலுக்கு ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் இடம் அது, தூக்கம் கெடும். திருவல்லிக்கேணி மட்டும் அமைதியா என்றால் இல்லை. ஆனால் அங்கே எந்த லாட்ஜ் என்பதைவிட எந்த அறை என்பதுதான் முக்கியம். பாரதி சாலையைப் பார்த்த அறையில் விடிய விடிய ஹாரன் கேட்கும். அதே கட்டடத்தின் பின்பக்க அறையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேன்ஷன்களை விட்டுவிடு, அவை பெரும்பாலும் ஆண்கள் மாத வாடகைக்குத் தங்குபவை. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜும் உண்டு. ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் நேரே ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடு. சேப்பாக்கம் மைதானத்தில் அந்த நாட்களில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இருந்தால் வாடகை ஏறிவிடும், அறையும் கிடைக்காது.

அதே போனில் செக்-அவுட் பகல் 12 மணியா, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்று கேள். நீ காலை 7 மணிக்குப் போய்ச் சேருவாய். 12 மணி லாட்ஜ் என்றால் அந்த ஐந்து மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போட்டுவிடுவார்கள், நாலு ராத்திரிக்கு ஐந்து நாள் காசு. 24 மணி நேரக் கணக்குதான் உனக்கு லாபம். லெட்ஜரில் நீ வந்த நேரத்தை என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. 7.10 என்பதை 6.30 என்று எழுதினால் கடைசி நாளில் வம்பு. அன்று காலையிலேயே அறையைக் காலி செய்து, பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போ.

கேட்க வேண்டியது நடு மாடியில் பின்பக்க அறை. தரைத்தளத்தில் கொசுவும் ஆள் நடமாட்டமும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் தண்ணீரும் வரலாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகல் வெயிலை ராத்திரியில் கக்கும். லிஃப்டை ஒட்டிய அறையும் வேண்டாம். பின்பக்கத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு: எல்லா அறைகளின் ஏசி அவுட்டோர் யூனிட்டையும் அங்கேதான் தொங்கவிடுவார்கள். உன் ஜன்னலுக்கு வெளியே ஒன்று இருந்தால் வேறு அறை கேள். கிழக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதே, மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அறையைப் பார். மெத்தை விரிப்பைத் தலைமாட்டு மூலையில் தூக்கி, தையல் ஓரத்தில் போன் டார்ச் அடி. மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையே வேண்டாம். ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் விடு, உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உள் தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை போட்டுத் திற. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து, பாதியிலேயே சிக்கும். கீசர் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, குழாயில் கைவைத்துப் பார். குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, வாயில் ஊற்றாதே.

ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் பிரதியை ஆதார் இணையதளத்தில் எடுத்துக்கொள். ஜெராக்ஸின் குறுக்கே 'அறை எடுக்க மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடு.

காலையில் ரத்னா கஃபேயில் இட்லியை சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். அதற்காகவே சீக்கிரம் எழுந்திரு.

அட்வான்ஸுக்கு ரசீது வாங்கு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12-ஐப் போட்டிருந்தால் திருத்தச் சொல். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையென்றால் வரியே போடக்கூடாது. பயிலரங்கில் செலவைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொள். தருவார்களானால் பில்லில் உன் பேரும் தேதிகளும் சரியாக இருக்கட்டும்.

அறை எண்ணை எனக்கு மெசேஜ் பண்ணு.

அம்மா