பெயர் சொல்லிப் பாராட்டலாம், பெயர் சொல்லிக் குறை கூறக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியங்களின் கூட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘பெற்றோர் கண்ணியமாகப் பேசினால் யார் தடுக்கப் போகிறார்கள்?’ என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தக் கூட்டங்களில் பெற்றோர் பேசும்போது மைக்கை அணைப்பவர்கள் சொல்லும் அதே சமாதானத்தை, நான் மதிக்கும் இதழிலும் பார்க்க நேர்ந்ததில் வருத்தம்.

எது கண்ணியம் என்று முடிவு செய்பவர் வாரியத் தலைவர். சிக்கலே அங்கேதான். பிரின்சிபலைப் பெயர் சொல்லிப் பாராட்டினால் கைதட்டுகிறார்கள். அதே பெயரைச் சொல்லிக் குறை கூறினால் ‘தனிநபரைப் பற்றிப் பேசாதீர்கள்’ என்று குறுக்கே வருகிறார்கள். வாரியம் நேரத்துக்கு வரம்பு வைக்கலாம், பேசும் பொருளுக்கும் வைக்கலாம். கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்பவரை வெளியேற்றலாம். ஆனால் பாராட்டுக்கு வழிவிட்டு விமர்சனத்தை மட்டும் அடைக்க முடியாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒஹாயோவில் மேடிசன் பள்ளி வாரியம் ‘ஏசும் பேச்சு, தனிநபரை நோக்கிய பேச்சு’ கூடாது என்று வைத்திருந்த விதியை 2021இல் 6ஆவது சர்க்யூட் என்னும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஃபுளோரிடாவின் பிரெவார்டில் பள்ளி நூலகப் புத்தகத்திலிருந்து வாசித்தவரையே ஆபாசம் என்று நிறுத்தினார்கள். அந்த வாரியத்தின் விதிகளும் 2024இல் 11ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

கலிஃபோர்னியாவில் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வாரியத்தின் கொள்கைகளையும் செயல்களையும் விமர்சிப்பதைத் தடுக்கக்கூடாது என்று, உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் திறந்த கூட்டங்களாக நடக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இருந்தும், ஆசிரியர் ஒருவரின் பெயர் வந்தவுடன் ‘இது பணியாளர் விவகாரம், எழுதிக் கொடுங்கள், மூடிய கூட்டத்தில் பார்க்கிறோம்’ என்கிறார்கள். பொதுமக்களை அனுமதிக்காத அந்த மூடிய கூட்டத்தில் புகாரை விசாரிப்பதாக இருந்தால் அந்தப் பணியாளருக்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது வாரியத்துக்கான நடைமுறை. அதைக் காட்டிப் பெற்றோரின் வாயை அடைக்க முடியாது என்று 1996இலேயே கலிஃபோர்னியாவின் மொரீனோ வேலி பள்ளி வாரியத்தின் மீதான வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவர் ஆவணங்களைக் காக்கும் ஃபெர்பா சட்டத்தையும் இப்படித்தான் நீட்டுகிறார்கள். அது பள்ளியைக் கட்டுப்படுத்தும் சட்டம். தன் பிள்ளையைப் பற்றித் தானே பேசும் தாயைக் கட்டுப்படுத்தாது.

குரல் ஏன் உயர்கிறது என்பதையும் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் வாரியம் அன்றே முடிவெடுக்கக் கூடாது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். இதை யாரும் விளக்குவதில்லை. கண்ணீரோடு பேசி முடித்தவருக்கு எதிரே வாரியத்தினர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது அவமதிப்பாகத்தான் படும். இரண்டு வார்த்தை உரக்கக் கேட்பார். கண்ணியம் பற்றிய பாடம் அப்போதுதான் தொடங்கும்.

நம்மவர்கள் படும் பாடு தனி. பாட்டி தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார், பேத்தி அதை ஆங்கிலத்தில் சொல்வாள். 3 நிமிடக் கடிகாரம் இருவருக்கும் சேர்த்தே ஓடும். பாட்டி விஷயத்துக்கு வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத கூட்டத்தில், மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று அதே பிரவுன் சட்டம் சொல்கிறது. 3 என்றால் 6 நிமிடம். கேட்டால்தான் கிடைக்கிறது, கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

வெளியேற்றுவதற்கும் முறை உண்டு. அடிதடியோ மிரட்டலோ இல்லாத வரை, முதலில் எச்சரிக்க வேண்டும். அதன் பிறகும் கூட்டத்தைக் குலைத்தால்தான் வெளியே அனுப்பலாம். 2023 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் இது. எச்சரிக்கையே இல்லாமல் காவலரைக் கைகாட்டிக் கூப்பிட்டதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு உங்கள் வரி எப்படிச் சுட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுப்புக் கட்டுரை எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாகும், அதைப் பார்த்து, பேச விரும்பும் பொருளின் எண்ணை, பேச வாய்ப்புக் கேட்டுக் கொடுக்கும் சீட்டில் குறியுங்கள். நிரலில் இல்லாத விஷயம் என்றால் பொதுக் கருத்து நேரத்துக்குச் சீட்டுக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் இரு மடங்கு நேரத்தைச் சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். இந்த மூன்றையும் தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கலிஃபோர்னியா