தூள் குறைந்தால் பிட்டை நிறுத்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆழ்துளையில் பாறைத் தூளை வெளியேற்றச் சேற்றுக் குழம்பை விட்டுக் காற்றை ஊதித் துளைக்கப் போகிறாய் என்றதில் மகிழ்ச்சி. கெட்டிப் பாறைக்கு அதுதான் சரி; மேலே சேற்றின் எடை அழுத்தாததால் பாறை சுலபமாக உடைந்து விலகும். ஆனால் "350 பிஎஸ்ஐ கம்ப்ரசர் போதுமா" என்று அழுத்தத்தை (பிஎஸ்ஐ அதன் அளவு) மட்டும் கேட்டிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. தூளை மேலே தூக்குவது காற்றின் அளவு. முதலில் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று பார்.

துளைக்கும் முனையான பிட்டைத் தாங்கும் குழாய்தான் ராடு. அந்த ராடுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே காற்று நிமிடத்துக்கு 3000 அடி வேகத்திலாவது ஏற வேண்டும். 6½ அங்குலத் துளையில் 4½ அங்குல ராடு இறக்கினால் அதற்கு 360 சிஎஃப்எம். அதே துளையில் 3½ அங்குல ராடு என்றால் 490. மெல்லிய ராடுக்குக் காற்று குறைவாகப் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, நேர்மாறு. ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் ஏறி, காற்று சுருங்கி, வேகம் விழும். ஆகவே இந்தக் கணக்குக்கு மேல் தாராளமாகக் கையிருப்பு வை. துளை எங்காவது சரிந்து அகன்றிருந்தால் அங்கே வேகம் விழும், கல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அழுத்தம் வேண்டியது ஹாமர் (பிட்டைப் பாறையில் அடிக்கும் காற்றுச் சுத்தியல்) அடிக்கவும் தண்ணீரைத் தள்ளவும். 100 மீட்டர் தண்ணீர் நின்றால் அதைக் கிளப்பவே 10 பார் போல ஆகிவிடும், கிட்டத்தட்ட 145 பிஎஸ்ஐ. ராட்டை ஒரேயடியாக அடிவரை இறக்காதே. கொஞ்சம் இறக்கி ஊது, பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கி ஊது.

உண்மையில் பயப்பட வேண்டியது நிறையத் தண்ணீருக்கு அல்ல, கொஞ்சம் ஈரத்துக்கு. உலர்ந்த தூள் பறந்துவிடும், கரைந்த தூள் ஓடிவிடும். அரை ஈரமானது பிசைந்த மாவுபோல ராட்டில் ஒட்டி வளையமாகக் கட்டிக்கொள்ளும். பிட்டுக்கு மேலே உள்ள தடித்த கனக் குழாயான காலர் முடிந்து ராடு மெலியும் இடத்தில் காற்றின் வேகம் குறைவதால் பெரும்பாலும் அங்கேதான் கட்டும். துளை வாயில் வரும் தூள் மெலியும், பிறகு நிற்கும். கேஜில் அழுத்தம் ஏறும், சுழற்சி கனக்கும். அப்போது இன்னும் அழுத்தித் துளைத்தால் ராடு மாட்டிக்கொள்ளும். பிட்டை அடியிலிருந்து தூக்கு, தண்ணீரும் சோப்புக் கரைசலும் விட்டு, ராட்டை மேலும் கீழும் ஆட்டியபடியே ஊது. அழுத்தம் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் அடியைத் தொட வேண்டும்.

ஈரம் தொடர்ந்தால் மிஸ்டுக்கு (காற்றோடு நீர்த்துளிகளைக் கலந்து ஊதுவது) மாறு, அதற்கும் மிஞ்சினால் நுரைக்கு. நல்ல நுரைக்கு அந்த 3000 அடி வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். வாயில் முகச்சவர நுரைபோலக் கட்டியாக, இடைவிடாமல் வர வேண்டும். விட்டு விட்டுச் சீறினால் நுரை உடைகிறது. காற்றைக் குறை, அல்லது சோப்பைக் கூட்டு.

எரிவாயு இருக்கும் அடுக்கு என்று எழுதியிருக்கிறாய். அங்கே வெறும் காற்று வேண்டவே வேண்டாம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அழுத்தம் ஏறினால் மேல் வரம்பு இன்னும் விரியும். மேலே சொன்ன வளையம் கட்டினால் கீழே மூடிய அறை உருவாகும். அழுத்தம், வாயு, ஒரு பொறி, மூன்றும் சேர்ந்தால் துளைக்குள்ளேயே தீப்பற்றி ராடு உருகும். காற்றுக்குப் பதில் இயற்கை வாயுவையே சுற்றவிட்டால் ஆக்சிஜன் இல்லாததால் உள்ளே எரியாது, ஆனால் ஆபத்து தரைமட்டத்துக்கு வந்துவிடும். வெளியேற்றுக் குழாயின் முனையில் எப்போதும் சுடர் எரிய வேண்டும், இணைப்புகள் கசியக் கூடாது. நான் நைட்ரஜனைத்தான் சொல்வேன். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் சவ்வு இயந்திரத்தில் 5 சதவீதம்வரை ஆக்சிஜன் மிஞ்சும், அதனால் ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பகமானதாகப் பார்த்து வை.

ராடு கூட்டும்போது, உள்ளே அடைபட்ட அழுத்தத்தை முழுவதும் இறக்கிய பிறகே திருகைக் கழற்று. ராட்டுக்குள் ஃப்ளோட் வால்வு (ஒருவழி வால்வு) இருக்கட்டும்; இல்லாவிட்டால் காற்றை நிறுத்தியதும் தூள் பின்வாங்கி ஹாமருக்குள் புகுந்துவிடும்.

துளை அளவு, ராடு அளவு, தண்ணீர் தட்டும் ஆழம் மூன்றையும் எழுது. கம்ப்ரசர் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜாராம்